மறுப்புரையும் அமானிதமும்

மார்த்தாண்டத்திலிருந்து ஏறக்குறைய 7 கி.மீ. தொலைவில், ரப்பர் மரங்களுக்கும் தென்னைகளுக்கும் நடுவே எழுந்து நிற்கிறது சிதறால் குன்று. நாஞ்சில் நாட்டு வயல்வெளிகளைக் கடந்து மேற்கே வந்து, விளவங்கோட்டுப் பகுதியின் மேட்டு நிலத்தில் ஏறினால் இதனை அடையலாம். குன்றின்மேல் பாறை முகத்தில் வரிசையாகத் தீர்த்தங்கரர் உருவங்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. பார்சுவநாதரின் தலைமேல் பாம்பு படம் விரித்து நிற்கிறது. அம்பிகை என்னும் இயக்கியின் உருவமும் அங்கே உண்டு. திருச்சாரணத்துமலை என்பது இவ்விடத்தின் பழம்பெயர். சமணத் துறவியர் தங்கியிருந்து கற்றும் கற்பித்தும் வாழ்ந்த இடம் இது. ஏறக்குறைய 13ஆம் நூற்றாண்டில் இது பகவதி கோயிலாக மாறியது. இன்று அங்கே பகவதியும் இருக்கிறாள். பக்கத்துப் பாறையில் தீர்த்தங்கரர்களும் இருக்கிறார்கள்.

இங்குள்ள வட்டெழுத்துக் கல்வெட்டு ஒன்று ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. அரிட்டநேமி படாரரின் மாணாக்கியான குணந்தாங்கி குரத்திகள் பொன் அணிகலன் வழங்கிய செய்தியை அது கூறுகிறது. குரத்தி என்றால் பெண் குரு. ஏறத்தாழ 1,100 ஆண்டுகளுக்கு முன்னர் இம்மலையில் ஒரு பெண் ஆசிரியராக இருந்தார் என்பதும், அவர் தம் ஆசிரியரின் பெயரை முன்வைத்துத் தம் பெயரைப் பின்வைத்தார் என்பதும் நமக்குத் தெரிகின்றன. ஆனால், அந்தக் குரத்தி எதனை வாதிட்டார், யாரோடு மாறுபட்டார், மாறுபட்டவரிடம் என்ன சொன்னார் என்பவற்றைக் கல் சொல்லவில்லை. கொடையைக் கல்லில் பொறித்தார்கள். வாதத்தை ஓலையில் எழுதினார்கள். கல் நின்றது, ஓலைகளில் பெரும்பகுதி செல்லரித்துப் போயிற்று.

செல்லரிக்காமல் தப்பிய வாத ஓலைகளில் ஒன்று நீலகேசி. அது சமணர் இயற்றிய தருக்க நூல். குண்டலகேசி என்னும் பௌத்த காப்பியத்துக்கு மறுமொழியாகப் பிறந்தது. குண்டலகேசியின் கதையைத் தமிழறிந்தோர் கேட்டிருப்பர். ஊர்தோறும் சென்று நாவல் கிளையை நட்டு, வாதுக்கு வருவோரை அறைகூவி வென்றவள் அவள். நீலகேசியோ அவளையே தேடிச் சென்று வாதிடுகிறாள். அதன்பின் மொக்கலன், புத்தர், ஆசீவகர், சாங்கியர், வைசேடிகர், வேதவாதி, பூதவாதி என்று ஒருவர் பின் ஒருவராக எதிர்கொள்கிறாள். 1936ஆம் ஆண்டில் பேராசிரியர் அ. சக்கரவர்த்தி இந்நூலைச் சமயதிவாகரம் என்னும் பழைய உரையுடன் பதிப்பித்தார்.

குண்டலகேசியின் கதி வேறு. நாதகுத்தனார் இயற்றிய அந்தக் காப்பியம் இன்று முழுமையாக இல்லை. புறத்திரட்டும் பழைய உரைகள் சிலவும் காத்துத் தந்த பத்தொன்பது பாடல்களே நம் கையில் உள்ளன. அப்பெண் வாதில் என்ன சொன்னாள் என்று அறிய விரும்புவோர், அவளை வீழ்த்துவதற்கென்றே எழுதப்பட்ட நூலையும் அதன் உரையையும் நாடிச் செல்ல வேண்டியிருக்கிறது. வென்றவன் சொன்னதைக் கொண்டு தோற்றவன் சொன்னதை ஊகிக்கிறோம். நீலகேசியின் ஆசிரியர் தம் எதிரியின் வாதத்தை நேர்மையாக எடுத்து வைத்தாரா, அல்லது வெல்லுவதற்கு எளிதாகச் சற்றே வளைத்து வைத்தாரா? குண்டலகேசி எழுந்து வந்து, ‘நான் அப்படிச் சொல்லவில்லை’ என்று கூறும் வாய்ப்பு இனி என்றும் இல்லை.

நாம் ஈண்டு எடுத்துக்கொண்ட வினா இதுதான். ஒருவரோடு நாம் மாறுபடும்போது, அந்த மாறுபாட்டை எழுத்தில் வைக்கும்போது, அவருக்கு நாம் செலுத்த வேண்டிய கடன் ஏதேனும் உண்டா?

பேச்சிலே மாறுபடுவது வேறு. எழுத்திலே மாறுபடுவது வேறு. திண்ணையில் இருவர் வாதிடும்போது எதிராளி முன்னே இருக்கிறார். நாம் அவர் சொல்லைத் திரித்தால் உடனே தடுத்துவிடுவார். நம் முகம் சிவப்பதை அவர் பார்க்கிறார். அவர் கண் கலங்குவதை நாம் பார்க்கிறோம். அதனால் சொல்லின் கூர்மை பாதி வழியிலேயே மழுங்கிவிடுவதும் உண்டு. மறுநாள் காலையில் அந்தச் சொல்லில் பாதி மறந்தும் போகிறது. எழுதும்போதோ எதிராளி அறையில் இல்லை. அவர் கருத்து முழுவதும் நம் பேனாவின் பிடியில் இருக்கிறது. எதை எடுக்கலாம், எதை விடலாம், எந்தச் சொல்லுக்கு எந்தத் தொனி கொடுக்கலாம் என்பதெல்லாம் நம் விருப்பம். படிப்பவரோ நம்மை மட்டுமே அறிவார். பிறர் பொருள் நம் கையில் இருக்க, அவர் பார்வையில் நாம் இல்லாத நிலைக்கு நம் மார்க்கத்தில் ஒரு பெயர் உண்டு. அமானிதம் என்பது அது. அடைக்கலப் பொருள் பொன்னாக இருந்தால் எடை குறையாமல் திருப்பித் தர வேண்டும் என்பதை நம் வீட்டுச் சிறுவர்களும் அறிவார்கள். எதிராளியின் கருத்தும் அடைக்கலப் பொருளே என்று எண்ணுவோர் குறைவு.

திருமறை தன்னை மறுத்தோரின் சொற்களை மறைக்கவில்லை. அண்ணல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களைக் கவிஞர் என்றும், குறிகாரர் என்றும், பித்துப் பிடித்தவர் என்றும் குறைஷியர் தூற்றினார்கள். இறைவசனங்களை முன்னோரின் கட்டுக்கதைகள் என்று எள்ளினார்கள். அவ்வளவும் திருமறையிலேயே இடம்பெற்றிருக்கின்றன. ‘அவர்கள் இவ்வாறு கூறுகிறார்கள்’ என்று அவர்தம் கூற்றை முன்னே வைத்து, ‘நீர் கூறுவீராக’ என்று விடையைப் பின்னே வைக்கும் முறையை ஓதுவோர் அனைவரும் அறிவர். தூற்றிய குறைஷியரின் ஏடு ஒன்றும் இன்று இல்லை. அவர்கள் சொன்ன சொற்களை 1,400 ஆண்டுகளாகப் பாதுகாத்து வருவோர் அச்சொற்களை மறுத்தவர்களே. அதுவும் தொழுகையில் நின்று ஓதிப் பாதுகாத்து வருகிறார்கள். இதனை நம்மில் எத்தனை பேர் நின்று சிந்தித்திருக்கிறோம்?

இந்த முறையைத் தம் நூல்களில் உச்சத்துக்குக் கொண்டு சென்றவர் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள். கிரேக்கத் தத்துவத்தைத் தழுவிய ஃபாராபி, இப்னு சீனா ஆகியோரின் கொள்கைகளில் பலவற்றை அவர்கள் ஏற்கவில்லை. ஆயினும் மறுப்பு எழுதுவதற்கு முன்னர் அக்கொள்கைகளைத் தாமே கற்று, ‘மகாஸிதுல் ஃபலாஸிஃபா’ என்னும் நூலில் தத்துவவாதிகளின் நோக்கங்களை விளக்கினார்கள். 1095ஆம் ஆண்டில் நிறைவுற்ற மறுப்பு நூல் ‘தஹாஃபுதுல் ஃபலாஸிஃபா’ எனப்படும். விளக்க நூல் எத்துணைத் தெளிவாக அமைந்தது என்பதற்கு ஒரு வேடிக்கையான சான்று உண்டு. 12ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினில் அது இலத்தீன் மொழிக்குப் பெயர்க்கப்பட்டது. ‘இவற்றை மறுப்பதற்காகவே விளக்குகிறேன்’ என்னும் முன்னுரை இல்லாத படிகளே ஐரோப்பாவில் பரவின. அதைப் படித்த அறிஞர் பலர், கஸ்ஸாலி என்பவர் இப்னு சீனாவின் வழியில் வந்த தத்துவவாதி என்றே கருதிவிட்டார்கள்! தாம் மறுக்க வந்த கருத்தை, அக்கருத்தின் ஆதரவாளர் என்று பிறர் மயங்கும் அளவுக்கு ஒருவர் செம்மையாக எழுதியிருக்கிறார் என்றால், அதனினும் பெரிய நற்சான்று மறுப்பு எழுதுவோர்க்கு வேறென்ன வேண்டும்?

எடுத்துரைப்பதில் நேர்மை என்பது தீர்ப்பில் மென்மை அன்று. தஹாஃபுத்தில் எடுத்துக்கொண்ட இருபது பிரச்சினைகளில் மூன்றில் இமாம் அவர்கள் வழங்கிய தீர்ப்பு மிகக் கடுமையானது. இன்று நாம் ‘கண்ணியமாக மாறுபடுங்கள்’ என்று சொல்லும்போது, ‘பட்டும் படாமலும் எழுதுங்கள்’ என்று சொல்வதாகப் பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அப்படியன்று. எதிராளியின் கருத்தைக் குறையாமல் எடுத்து வைத்தவரே கடுமையாகத் தீர்ப்புச் சொல்லும் உரிமையைப் பெறுகிறார். குறைத்து வைத்தவர் எவ்வளவு உரக்கச் சொன்னாலும், அவர் ஆளில்லாக் களத்தில் சிலம்பம் சுழற்றியவரே.

கஸ்ஸாலி இமாம் மறைந்தது 1111இல். அடுத்த தலைமுறையில் குர்துபாவில் பிறந்த இப்னு ருஷ்து அந்த மறுப்புக்கு மறுப்பாக ‘தஹாஃபுதுத் தஹாஃபுத்’ எழுதினார். அவர் கையாண்ட முறை வியப்புக்குரியது. ‘அபூ ஹாமித் கூறுகிறார்’ என்று கஸ்ஸாலி அவர்களின் வாசகத்தைப் பகுதி பகுதியாக எடுத்துவைத்து, ஒவ்வொன்றின் கீழும் தம் விடையை எழுதிச் சென்றார். ஓரிடத்தில் உடன்படுகிறார், மற்றோரிடத்தில் சீறுகிறார். சில இடங்களில் அவர் தொனி நம் மனத்துக்கு உவப்பாக இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் எடுத்து வைத்த வாசகம் வாசகமாகவே இருக்கிறது. இலத்தீன் உலகம் கஸ்ஸாலி அவர்களின் மறுப்பைப் பெரும்பாலும் இப்னு ருஷ்தின் நூல் வழியாகவே அறிந்தது. மறுத்தவர் தோளிலேறி மறுக்கப்பட்டவர் கடல் கடந்தார். குண்டலகேசிக்குக் கிட்டாத பேறு இது.

இங்கே ஒரு தடை எழுகிறது. அது அற்பமான தடையன்று. தவறான கருத்தை இவ்வளவு அழகாக எடுத்து வைத்தால், அதுவே பரவிவிடாதா? விடையைப் படிக்கும் பொறுமை இல்லாதவன் ஐயத்தை மட்டும் படித்து எழுந்து போய்விட்டால் என்ன செய்வது? இதனை முதலில் கேட்டவர் சாமானியர் அல்லர். முஃதஸிலாக்களை மறுத்து ஹாரிஸ் அல் முஹாஸிபீ அவர்கள் நூல் எழுதியபோது, இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் (ரஹ்) அவர்கள் அதனைக் கண்டித்தார்கள். தவறான கொள்கையை மறுப்பது கடமை என்று முஹாஸிபீ சொல்ல, உண்மைதான், ஆனால் நீர் முதலில் அவர்களுடைய ஐயங்களை எடுத்துரைத்துப் பிறகன்றோ விடை சொன்னீர்; படிப்பவன் ஐயத்தைப் பற்றிக்கொண்டு விடையைப் பாராமல் போனால், அல்லது பார்த்தும் அதன் ஆழம் புரியாமல் போனால் என்னாவது என்று இமாம் கேட்டார்கள். இந்நிகழ்ச்சியைக் கஸ்ஸாலி அவர்களே தம் ‘அல்முன்கித்’ நூலில் எடுத்துரைக்கிறார்கள். காரணம், அவர்கள் மீதும் இதே குற்றச்சாட்டு வந்தது. தஃலீமிய்யாப் பிரிவினரின் வாதங்களை அவர்கள் தொகுத்து ஒழுங்குபடுத்தி எழுதியதைக் கண்டு, அப்பிரிவினராலேயே இவ்வளவு திறம்பட எழுத முடியாதே, இது அவர்களுக்குச் செய்த தொண்டல்லவா என்று தம்மவரே குறை கூறினார்கள்.

கஸ்ஸாலி அவர்களின் விடை நுட்பமானது. பரவாத ஐயத்தைப் பொறுத்தவரை இமாம் அஹ்மதின் சொல்லே சரி என்று அவர்கள் ஒப்புக்கொள்கிறார்கள். ஆனால் ஏற்கெனவே பரவி நிற்கும் ஐயத்துக்கு விடை சொல்லித்தான் ஆக வேண்டும். எடுத்துரைக்காமல் விடை சொல்லவும் இயலாது. மேலும், அரைகுறையாக எடுத்துரைத்து மறுத்தால், எங்கள் வாதத்தின் வேரையே இவர் அறியவில்லை என்று எதிரிகள் நகைப்பார்கள். இவ்விரு பெரியோர்களுக்கும் இடையே நின்று தீர்ப்புக் கூற நமக்குத் தகுதியில்லை என்றாலும், நம் காலத்தைப் பொறுத்தவரை நாம் கஸ்ஸாலி அவர்களின் பக்கமே சாய்கிறோம். இன்று பரவாத ஐயம் என்று எது இருக்கிறது? நம் வீட்டுப் பிள்ளை கல்லூரியில் கேட்டு வந்த கேள்வியை நாம் திரித்துச் சொல்லி மறுத்தால், ‘அத்தா, அவர்கள் இப்படிச் சொல்லவில்லையே’ என்று அவன் மனத்துக்குள் சொல்லிக்கொள்வான். அந்த ஒரு கணத்தில், நாம் அதற்குப் பிறகு சொல்லப் போகும் விடை முழுவதும் மதிப்பிழந்து போகிறது.

வாதத்துக்கு இலக்கணமே வகுத்தவர்கள் நம் முன்னோர். முனாளரா என்னும் அக்கலைக்கு தர்ஸே நிஜாமி பாடத்திட்டத்தில் ‘ரஷீதிய்யா’ என்னும் நூல் வைக்கப்பட்டிருந்தது. கொள்கையை நாட்டுபவர் யார், வினவுபவர் யார் என்று அது பிரிக்கிறது. வினவுபவருக்கு மூன்று வழிகளே உண்டு. எதிராளி சொன்னதற்குச் சான்று கேட்கலாம். அவர் சான்று பிழையான முடிவுக்கு இட்டுச் செல்வதைக் காட்டலாம். அவர் முடிவுக்கு நேர்மாறான முடிவுக்குத் தாம் வேறு சான்று தரலாம். நான்காவதாக அவருடைய பாட்டனாரைப் பற்றிப் பேசுவதற்கு அக்கலையில் இடமில்லை!

தமிழிலும் இப்பண்பு அயலானதன்று. சமண முனிவரான பவணந்தியார் நன்னூலில் நூலாசிரியர்க்குரிய எழுவகை மதங்களைத் தொகுக்கும்போது, மறுப்பதற்கு முன்னே உடன்படுதலைத்தான் வைத்தார். பிறர் கருத்தை முதலில் ஏற்று நடத்திச் சென்று பின்பு களைவதையும் ஒரு முறையாகக் கூறினார். பழைய உரையாசிரியர்களின் நூல்களைப் புரட்டுவோர் ‘என்பாரும் உளர்’ என்னும் தொடரை அடிக்கடி காண்பர். தமக்கு உடன்பாடில்லாத உரையை எடுத்துக்காட்டி, இவ்வாறு கூறுவோரும் இருக்கிறார்கள் என்று பன்மையில் மரியாதையோடு குறித்து, பிறகு அது பொருந்தாமைக்குக் காரணம் கூறுவார்கள். தொல்காப்பியத்துக்கு உரை கண்ட சேனாவரையர் தமக்கு முற்பட்ட இளம்பூரணரைப் பல இடங்களில் மறுத்தார். மறுக்கும்போதும் ‘உரையாசிரியர்’ என்றே அவரைச் சுட்டினார். அந்தப் பட்டம் இன்றளவும் இளம்பூரணருக்கு நிலைத்திருக்கிறது. மறுத்தவர் கையாலேயே மகுடம் சூட்டப்பட்ட இத்தகைய நிகழ்ச்சி பிற மொழிகளில் எத்தனை உண்டோ!

அத்தகைய மரபில் வந்த தமிழ்தான் அருட்பா மருட்பாப் போரையும் கண்டது. 1867இல் இராமலிங்க அடிகளாரின் பாடல்கள் ‘திருவருட்பா’ என்னும் பெயரில் திருமுறைகளாகப் பகுக்கப்பட்டு அச்சேறின. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் அதனை எதிர்த்தார். நாவலரின் கருத்தை அவர் நிலையில் நின்று சொல்வதானால் அது இது: அருட்பா, திருமுறை என்னும் பெயர்கள் தேவார திருவாசகம் முதலிய அருளாளர் வாக்குக்கே வழிவழியாக உரியவை; நம் காலத்தவர் ஒருவரின் பாடலுக்கு அவற்றைச் சூட்டினால் நாளை எவரும் எதற்கும் சூட்டலாம்; மரபு என்னும் வேலி சரிந்துவிடும். அடிகளாரின் அன்பர்கள் கருத்தோ, இறையருள் பண்டைக் காலத்தோடு நின்றுபோனதன்று, இன்றும் ஒருவர் உள்ளத்தில் அது சுரந்து பாடலாகலாம் என்பது. இரண்டும் எண்ணத்தக்க கருத்துகளே. ஆயினும் போர் அவ்வழியில் நடக்கவில்லை. 1869இல் அது மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை சென்றது. அடிகளார் 1874இலும் நாவலர் 1879இலும் மறைந்த பின்னரும் ஓயாமல், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மீண்டும் மூண்டது. ஒரு பக்கம் நா. கதிரைவேற்பிள்ளை, மறு பக்கம் பின்னாளில் மறைமலையடிகள் எனப்பட்ட வேதாசலனார். கண்டனம், கண்டனத்துக்குக் கண்டனம் எனத் துண்டுப் பிரசுரங்கள் பறந்தன. நம் காலத்தில் ப. சரவணன் அவற்றைத் தேடித் தொகுத்து வெளியிட்ட பெருந்தொகுதியைப் புரட்டுவோர்க்கு ஒரு பக்கம் புலமை தெரியும். மறுபக்கம் வசை தெரியும். பாடலைப் பற்றித் தொடங்கிய வாக்கியம் பாடியவரைப் பற்றி முடிவதை அடுத்தடுத்துக் காணலாம்.

இப்போரில் நம் குமரி மாவட்டத்து முஸ்லிம் ஒருவர் புகுந்தார் என்பதை நாம் பெருமையோடு நினைக்கிறோம். நாகர்கோவிலை அடுத்த இடலாக்குடியில் 1874இல் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர், சென்னையில் வாழ்ந்த காலத்தில் அருட்பாவின் பக்கம் நின்று மேடையேறினார். சீறாப்புராணத்துக்கு உரை கண்ட கை அது. 1907 மார்ச் 10ஆம் நாள் சென்னை விக்டோரியா மண்டபத்தில் ஒரே வேளையில் நூறு செய்திகளில் கவனம் செலுத்திச் சதாவதானி என்னும் பட்டம் பெற்ற நினைவாற்றல் அவருடையது. எதிர்ப்பக்கத்துக் கதிரைவேற்பிள்ளையும் சதாவதானியே. சைவர்களுக்குள் நிகழ்ந்த பூசலில் ஒரு முஸ்லிமுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். நாம் அதை வேறு விதமாகப் பார்க்கிறோம். அப்பூசலில் கோயில் உரிமையோ குருபீடமோ பாவலருக்குக் கிடைக்கப் போவதில்லை. அவர் வாதிட்டது பாடலின் தன்மை பற்றியே. ஆதாயம் இல்லாதவன் சொல்லும் சொல்லுக்கு அவையில் ஒரு தனி மதிப்பு உண்டு. பிற சமயத்தார் ஒருவரை நடுவே நிற்க விட்ட அந்த அவையின் பெருந்தன்மையையும் குறிப்பிடாமல் விடுவது நன்றன்று.

அப்போரில் நம் மனத்தைக் கவர்ந்த மற்றொருவர் திரு.வி.க. கதிரைவேற்பிள்ளையின் அன்பு மாணவர் அவர். தம் ஆசிரியர் 1907இல் மறைந்ததும் அவருடைய வாழ்க்கை வரலாற்றை நூலாக எழுதினார். பின்னாளில் இராமலிங்க அடிகளாரைப் போற்றியும் நூல் எழுதினார். ஆசிரியரின் கருத்தை விட்டு விலகினார்; ஆசிரியரை விட்டு விலகவில்லை.

இவையெல்லாம் பெரிய புலவர்களின் செய்தி, நமக்கென்ன என்று வாசகர் எண்ணலாகாது. எழுத்தில் மாறுபடும் தேவை நம் வீடுகளுக்குத்தான் அதிகம் நேர்கிறது. பாகப்பிரிவினையில் மனம் கசந்த தம்பி காக்காவுக்கு எழுதும் கடிதம், பள்ளிவாசல் நிர்வாகத்தைப் பற்றி ஊரார் கையொப்பமிட்டு அனுப்பும் விண்ணப்பம், இரவு தூக்கம் வராமல் கைப்பேசியில் தட்டி அனுப்பும் நான்கு வரிகள் யாவும் மறுப்புரைகளே.

குறிப்பாக, மணமுறிவின் விளிம்பில் நிற்கும் பெண்ணுக்காக ஜமாஅத்துக்கு எழுதப்படும் மனுவை நினைத்துப் பாருங்கள். அவள் தன் வாயால் சொன்னது, ‘அவர் என்னிடம் பேசுவதே இல்லை, மாமி சொன்னால்தான் வீட்டுக்கு வருகிறார்’ என்பது. எழுதத் தெரிந்தவர் ஒருவர் அதை எழுத உட்காருகிறார். வழக்கு வலுவாக இருக்க வேண்டுமே என்று ‘கொடுமை’ சேர்க்கிறார், ‘நடத்தை கெட்டவர்’ என்று சேர்க்கிறார், மாமியாருக்கும் ஒரு பங்கு சேர்க்கிறார். அவ்வீட்டாரும் சும்மா இருப்பார்களா? அவர்களுக்கும் எழுதத் தெரிந்தவர் ஒருவர் கிடைப்பார். இரண்டு தாள்களும் ஜமாஅத்துப் பெட்டியில் சேர்ந்துவிட்ட பிறகு, அந்த இருவரும் திரும்பிச் சேர மனம் கொண்டாலும், குடும்பத்தார் முன்னே வந்து நிற்பவை அத்தாள்களில் எழுதப்பட்ட சொற்களே. அவற்றுள் பாதியை அவ்விருவருமே சொல்லியிருக்க மாட்டார்கள்!

அலீ (ரலி) அவர்களை யமனுக்கு நீதி வழங்க அனுப்பியபோது, ஒருவர் சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் தீர்ப்பளிக்காமல் மற்றவர் சொல்லையும் கேட்குமாறு பெருமானார் (ஸல்) அவர்கள் பணித்தார்கள் என்று நபிமொழித் தொகுப்புகளில் காண்கிறோம். தொண்ணூற்றொன்பது ஆடுகளை உடையவன் தன் ஓர் ஆட்டையும் கேட்கிறான் என்று ஒருவன் முறையிட, தாவூது நபி (அலை) அவர்கள் உடனே தீர்ப்புச் சொல்லிவிட்டுப் பின் இறைவனிடம் மன்னிப்புக் கோரிய வரலாற்றுக்கும், மற்றவன் வாயைத் திறக்கும் முன் தீர்ப்புச் சொன்னதே காரணம் என்று விரிவுரையாளர் சிலர் பொருள் கொண்டார்கள். இவை நீதிபதிக்குச் சொன்னவை. எழுதுபவரோ ஒரே நேரத்தில் வழக்காளியாகவும் நீதிபதியாகவும் அமர்ந்திருக்கிறார். மனுவின் முதற்பத்தியில் ‘அவர்கள் தரப்பில் சொல்வது இது’ என்று, அவர்கள் படித்தால் ஆம் என்று தலையசைக்கும்படி நான்கு வரி எழுதிவிட்டு, அதன்பின் தம் தரப்பை எழுதும் வழக்கம் ஓர் ஊரில் வந்தால், ஜமாஅத்தாரின் அமர்வு நேரம் பாதியாகக் குறையும் என்று நாம் நம்புகிறோம். பாதிப் பூசல்கள் அந்த நான்கு வரிகளை எழுத முயலும்போதே தீர்ந்துபோவதும் கூடும். அவ்வரிகளை எழுத முடியாதவர், தாம் எதனோடு மாறுபடுகிறோம் என்பதையே இன்னும் அறியாதவர்.

நம் வீடுகளில் நாள்தோறும் கண்ணில் படும் மாறுபாடு ஒன்று உண்டு. பழகிப்போனதால் அதை மாறுபாடென்றே நாம் எண்ணுவதில்லை. சுவரில் தொங்கும் தொழுகை நேர அட்டவணைகள் பலவற்றில் அஸருக்கு மட்டும் இரண்டு பத்திகள் இருக்கும். ஒன்று ஷாஃபிஈ, மற்றது ஹனஃபி. ஒரு பொருளின் நிழல், நண்பகல் நிழல் நீங்கலாக, அப்பொருளின் அளவை எட்டும்போது அஸர் தொடங்குகிறது என்பது இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் முடிவு. நிழல் இரு மடங்காகும்போது தொடங்குகிறது என்பது இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) அவர்களிடமிருந்து பிரபலமாக அறிவிக்கப்படும் முடிவு. அவர்களுடைய மாணவர்களான அபூ யூசுஃபும் முஹம்மதும் இதில் தம் ஆசிரியரோடு மாறுபட்டு, ஒரு மடங்கே என்றார்கள். ஆசிரியரின் முடிவையும் மாணவரின் மறுப்பையும் ஹனஃபி நூல்கள் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து எழுதி வைத்திருக்கின்றன. அபூ யூசுஃப் அவர்களோ, தமக்கு ஆசிரியர்களாக இருந்த அபூ ஹனீஃபா, இப்னு அபீ லைலா ஆகிய இருவரும் எங்கெங்கே மாறுபட்டார்கள் என்பதையே ஒரு நூலாக எழுதினார்கள்.

அட்டவணையின் அவ்விரு பத்திகளுக்கு மேலே ‘சரி’ என்றோ ‘தவறு’ என்றோ எவரும் அச்சிடவில்லை. கடற்கரை ஊரின் ஷாஃபிஈக் குடும்பத்திலிருந்து உள்நாட்டு ஹனஃபிக் குடும்பத்துக்கு வாழ வந்த மருமகள் முதற்பத்தியைப் பார்த்துத் தொழுகிறாள். மாமனார் இரண்டாம் பத்தியைப் பார்த்துப் பள்ளிக்குப் புறப்படுகிறார். இரண்டுக்கும் இடையே ஒரு மணி நேர அளவில் இடைவெளி இருக்கிறது. அவர் செருப்பை மாட்டுவதற்குள் அவள் தொழுது முடித்துத் தேநீர் போட்டுக் கொடுத்துவிடுகிறாள்.